தண்ணிகொடான் வகையறா

12.2.97, புதன்
கன்னிவாடியிலிருந்து ஜீவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கும் பிடித்துவிட்டது, என் மகளுக்கும் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. இலை போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அப்போது பையனின் அத்தை ஜக்கம்மாள், "ஒங்க வகையறாவுக்கு ஏன் தண்ணிகொடான்னு பேரு?" என்று கேட்டார். அப்பா வழக்கமான கதையை எடுத்துவிட்டார். வரி கேட்டு வந்த வெள்ளைக்காரத் துரை தாகத்துக்குத் தண்ணீர் கேட்டானாம், என் பாட்டனார் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லையாம். நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதைதான்.

அந்தம்மா எழுந்துவிட்டார். "கெளம்புங்கப்பா." அத்தனை பேரும் கை நனைக்காமல் போய்விட்டார்கள். என்ன குற்றம் செய்தோம்?

14.2.97
தரகர் பொம்மையன் வந்து சொன்னார். தண்ணீர் கேட்டது துரை இல்லையாம், ஜக்கம்மாளின் தாயாராம். வாந்திபேதி வந்த வருசம், நோய் கண்ட கைக்குழந்தையோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தவள், எங்கள் தோட்டத்து ரோட்டோரக் கிணற்றில் கேட்டிருக்கிறாள். தொற்றிவிடும் என்று பயந்து வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்களாம். குழந்தை அங்கேயே போய்விட்டது. அன்றைக்கு ஊர் வைத்த பேராம். "வாய்க்கு வந்ததப் பேசாதீங்கய்யா" என்று கத்தி அனுப்பிவிட்டேன்.

15.2.97
அப்பாவிடம் கேட்டேன். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை.

19.2.97
இன்று அவராகவே கூப்பிட்டார். "வாளிய எடுத்து உள்ள வச்சது நான்தாண்டா. எங்கய்யா வைன்னாரு, வச்சேன். பத்து வயசு."

அப்ப துரை?

"எந்தத் துரையும் வரல. மூணாப்புப் படிக்கையில, பசங்க பேரச் சொல்லிக் கேலி பண்றாங்கன்னு அழுதுக்கிட்டு வந்தியே... அன்னிக்கு ஒனக்காகச் சொன்னது."

எனக்காகவா? அய்யோ, எனக்காகவா! நாப்பது வருசமா நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேனே...

23.2.97, ஞாயிறு
நான் மட்டும் கன்னிவாடி போய் மன்னிப்புக் கேட்பதாக இருந்தேன். "கல்யாணத்துக்காகப் போகாதீங்கப்பா. அது நடக்காட்டிப் போகுது" என்றாள் ஜீவிதா. கண் வீங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அப்பா எனக்கு முன்னால் வந்து நிற்கிறார் — எண்பத்திரண்டு வயதில், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு.

ஜக்கம்மாள் உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. வாசல் வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "வாளி என் கையிலதாம்மா இருந்துச்சு."

அந்தம்மா எழுந்து அவர் பக்கத்தில் வந்தார். பிறகு, "எங்காத்தா சாகுற மட்டும் சொல்லும்யா. வாளியத் தூக்கிட்டுப் போன சின்னப்பய அழுதுக்கிட்டே போனான்னு. அது நீங்களா?"

அப்பா தலையை ஆட்டினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

6.4.97
கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. வகையறா பேரை விட்டுவிடலாமே என்று ஜக்கம்மாளே சொல்லிப் பார்த்தார். இருக்கட்டும் என்றுவிட்டேன். அப்பா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"நாளைக்கு ஜீவிதா பிள்ளைக வந்து இந்தப் பேரு ஏன்னு கேட்டா என்னடா சொல்லுவ?"

"நடந்ததச் சொல்றேன்ப்பா."

"நான் அழுததச் சொல்லாத. வாளிய எடுத்து வச்சத மட்டும் சொல்லு."

சரி என்றேன். இரண்டையும்தான் சொல்லப்போகிறேன்.