மேலாளருக்கு டீ போடும் முறை

என்னங்க,

நாலு மணிக்கு எங்கள் தேயிலைக் கம்பெனி மேலாளர் நம் வீட்டுக்கு வருகிறார். ருசி பார்க்கும் வேலையை எனக்குத் தருவதா என்று இன்றுதான் முடிவு செய்வார். அவர் காரில் வருவார், நான் பஸ்ஸில். அவர்தான் முந்துவார். டீ நீங்கள் போட வேண்டியிருக்கும்.

கிரீன் டீ என்றால், தண்ணீர் கொதித்ததும் இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். இலை போட்டு இரண்டே நிமிடத்தில் வடிகட்டுங்கள். பிளாக் டீ என்றால் கொதிக்கிற தண்ணீர், மூடி வைத்து நாலு நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை மாதிரி, "என்னம்மா இது, கலரே வரலையே!" என்று கிரீன் டீயைப் பாலில் போட்டு அரை மணி நேரம் காய்ச்ச வேண்டாம். அதை நான் கஷாயம் என்றதற்குத்தானே மூன்று நாளாக என்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள்? சொன்னது தப்புதான். கஷாயம் உடம்புக்கு நல்லது.

பி.கு.: யோசித்துப் பார்த்தேன். அடுப்புப் பக்கமே போகாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள். டீயை நான் வந்து போடுகிறேன்.

இன்னொன்று. மூன்று நாள் பேச்சையும் அவரிடமே கொட்டிவிடாதீர்கள். எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.