சட்டைப் பொத்தான் வரைக்கும் சொன்னவருக்கு

அண்ணே,

பேருந்து நிலையத்து வாசலில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். எனக்குத்தான் எழுத்து தெரியாதே, மகளை வாசிக்கச் சொன்னேன். "படக்கதை எழுத்தாளர், ஓவியர்னு போட்டிருக்குப்பா" என்றாள். ஓவியராம். செத்தும் அதை விடவில்லை நீங்கள். அதனால்தான் இந்த மடல். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

ஒட்டன்சத்திரம் லாரிகளின் முதுகில் கிளியும் புலியும் வரைந்துகொண்டிருந்த என்னை நீங்கள்தான் தேடி வந்தீர்கள். பூட்டுக்கடை மாடியில் நீங்கள் கதையை வாசிப்பீர்கள். எனக்கு ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே மனசில் நிற்கும். ஆனால் என்ன வாசிப்பு அது! "மூணாவது கட்டம். அய்யலூர்ச் சந்தை. எடது பக்கம் புளியமரம், அதுல ஒரு காக்கா. யாவாரி சட்டையில நாலு பொத்தான், மேல ஒண்ணு இல்ல." மூன்று விரல் அகலக் கட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம். "இம்புட்டையும் அடைச்சா ஆளு எங்கண்ணே நிப்பான்?" என்று கேட்டால், "சொன்னத வரை அப்பு" என்பீர்கள். வரைந்தேன். பன்னிரண்டு புத்தகம்.

முதல் பக்கத்தில் கீழே இருப்பதுதான் என் பெயர் என்று சொல்லியிருந்தீர்கள். அதில் விரலை வைத்து, "இது நாந்தேன்" என்று பெண்டாட்டிக்குக் காட்டினேன், மாமனாருக்குக் காட்டினேன். பிரியாணிக்கடைக் கல்லாக்காரரிடம் காட்டியபோது சிரித்துவிட்டார்.

"அது அச்சாபீஸ் பேருய்யா. கதையும் படமும் அவரேன்னு மேல போட்டிருக்கு."

அன்றே மாடியேறி வந்து கேட்டேன். நீங்கள் பதறக்கூட இல்லை. "பொத்தான் வரைக்கும் சொன்னது யாருலே? ஒன் கை அசைஞ்சுச்சு, அம்புட்டுத்தேன்."

அத்தனை விவரமும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. எனக்கென்று ஒரு புல்லைக்கூட விட்டுவைக்கவில்லை நீங்கள்.

ஒரு வருஷம் கழித்து, நான் திரும்பிப் போயிருந்த லாரிப் பட்டறைக்குப் புதுக் கதையோடு வந்தீர்கள். "கெழவன் தொலைஞ்ச ஆட்டத் தேடுறான். சந்தை. மத்தது நீ பாத்துக்க அப்பு." கட்டத்துக்கு ஒரே ஒரு வரி. கேட்கக் கேட்கக் கிழவனின் நடை எனக்குத் தெரிந்துவிட்டது, தோளில் கிடக்கும் கயிறு தெரிந்துவிட்டது. நீங்கள் எழுதியதிலேயே நல்ல கதை அதுதான். முடியும்வரை கேட்டேன்.

"பேரு?" என்றேன்.

"அதப் பொறவு பாப்பம்லே."

"அப்பப் படத்தையும் பொறவே பாப்பம்ணே."

முந்தாநாள் உங்கள் மகன் வந்தான். அந்தக் கதை எழுதிய காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டதாம், வேறு பிரதி இல்லையாம். "போறதுக்கு முன்னாடி அப்பா அதத்தாங்க பொலம்புனாரு. அவனுக்கு ஒரு தடவ கேட்டாப் போதும், அவன்கிட்டப் போய்க் கேளுன்னாரு."

"வயசாயிருச்சு தம்பி, ஒண்ணும் நெனப்புல இல்ல" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன்.

பொய்தான். முப்பத்தாறு கட்டமும் வரிசை மாறாமல் என்னிடம் இருக்கின்றன. வரைந்தால் என் வாழ்நாளில் நல்ல படமும் அதுவாகத்தான் இருக்கும். அதுவும் தெரியும். இருந்தாலும் தரமாட்டேன் அண்ணே. கிழவனுக்கு ஆடு கிடைத்ததா இல்லையா என்பது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுதிக்கொண்டிருந்த மகள் பேனாவை நிறுத்திவிட்டு, "கெடச்சுச்சாப்பா?" என்கிறாள்.

சொல்லவில்லை.