வசந்தி தொடாத கட்டம்

1990 மாசி 5, திங்கள்

விடியப் பனி. சைக்கிள் சீற் ஈரம், சீலையும் ஈரம். யாழ்ப்பாணத்தில மூண்டு நாள் பயிற்சி முடிச்சு நேற்றுப் பின்னேர பஸ்ஸில ஊருக்கு, சரவணைக்கு, வந்து சேர்ந்தது. இன்னும் கால் நிலத்தில நிக்கேல்லை.

கதைக்கேலாத பிள்ளையளுக்குப் படப்பலகை. ஒரு மட்டை, கட்டம் கட்டமாப் படம், ஒவ்வொண்டுக்கும் கீழ சொல். பிள்ளை தொட்டுக் காட்டும், நாங்கள் விளங்கிக்கொள்ளவேணும். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விசயத்தை இவ்வளவு காலமா எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லையே எண்டு ஆத்திரமும் வந்தது.

மறக்கக் கூடாதது:
– கேட்டிட்டு வாயை மூடு. மனசுக்குள்ள இருபது எண்ணு.
– பிள்ளைக்குப் பதிலா நீ மறுமொழி சொல்லாதை.
– "வேண்டாம்", "போதும்" கட்டாயம் இருக்கவேணும்.
– ஒட்ட மாப்பசை காய்ச்சவேணும். மண்ணெண்ணெய் முடியுது.

முதல் பலகை வசந்திக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கை, இராசையா அண்ணையின்ர மகள். ஒன்பது வயசு. பிறந்ததில இருந்து கை கால் இறுக்கம், கதை இல்லை. அதிபர் போன வருசமே சொல்லிப்போட்டார்: "பிள்ளைக்கு விளக்கம் இருக்கெண்டு காட்டுங்கோ ரீச்சர், சேர்க்கிறன். இல்லாட்டி என்னைக் கரைச்சல் படுத்தாதேங்கோ."

காட்டுறன், இரும்.

மாசி 8, வியாழன்

பலகை முடிஞ்சுது. பன்னிரண்டு கட்டம். மேல பொலித்தீன். படத்துக்குப் பழைய கலண்டர் மூண்டு வெட்டினது. சரஸ்வதிக்குப் பக்கத்தில நிண்ட அன்னத்தைக் கோழியாக்கிப்போட்டன், மன்னிக்கவேணும்.

பயிற்சியில தந்த மாதிரிப் படங்களைத் தாய் தவமணிக்குக் காட்டினன். கொமேட் கக்கூஸ் படத்தைப் பாத்திட்டு, "இதென்ன ரீச்சர், உடைஞ்ச கதிரையோ?" எண்டா. அதைக் கிழிச்செறிஞ்சிட்டு அவையின்ர கக்கூசை நானே கீறினன். கதவு கொஞ்சம் சரிவு. உண்மையிலயும் சரிவுதான்.

முதல் கட்டம் "நான்". அதில வசந்தியின்ர சின்னப் படம், போன வருசம் சொந்தக்காரர் எடுத்தது. தவமணி அதைக் கனநேரம் பாத்தா. "அவளுக்குத் தெரியுமே ரீச்சர், தான் ஆரெண்டு?"



மாசி 14, புதன்

நாலு பின்னேரம் போயாச்சு. ஒண்டுமில்லை. வலக்கையைப் பிடிச்சுப் பலகையில வைச்சா வில்லு மாதிரித் திரும்பி நெஞ்சோட ஒட்டுது. இடக்கை ஒரு இடத்தில நிக்காது, பலகையைத் தட்டுது, தள்ளுது. "அது குழப்படிக் கை ரீச்சர்" எண்டு தவமணி.

"அந்தக் கையைச் சீலைத் துண்டால கதிரையோட மெல்லக் கட்டிவிடும். சோத்துக்கைதான் பழகவேணும்" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

தவமணிக்கு எண்ணப் பழக்கிறது பெரும்பாடு. "தண்ணி வேணுமோ?" எண்டு கேட்டிட்டு ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு பஸ் பிடிக்கிற மாதிரி எண்ணி, ஏழிலயே செம்பை வாயில வைச்சிடுறா. "பாவம் ரீச்சர், விடாய்க்குமெல்லோ." இனி அவ முன்னால நானும் விரல் மடிச்சு எண்ணப்போறன்.

வலக்காற் செருப்பு வார் அறுந்திட்டுது.

மாசி 20, செவ்வாய்

இண்டைக்கு வெற்றி. வசந்தியில இல்லை, ரீச்சர்மாரில.

பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு ஆறு பேரை மறிச்சு வைச்சுப் பயிற்சி. புவனேஸ் அக்கா, ஆண்டு ஒண்டுக்கு இருபது வருசத்துக்கு மேல படிப்பிக்கிறவ, கதிரையில இருக்கேக்கயே தொடங்கிட்டா: "மூண்டு நாள் ரவுணுக்குப் போட்டு எனக்குப் படிப்பிக்க வந்திட்டா."

சரி, நீங்கள்தான் பிள்ளை எண்டன். பத்து நிமிசம் வாய் திறக்கக் கூடாது, பலகை மட்டும். தேத்தண்ணியைத் தொட்டா. குடுத்தன், நல்ல சீனி போட்டு. ஒரு வாய் குடிச்சிட்டு முகம் கோணிச்சுது. "போதும்" கட்டத்தைத் தட்டினா. நான், "ஐயோ பாவம், பசியாக்கும், இன்னும் கொஞ்சம் குடியுங்கோ" எண்டு கோப்பையை நீட்டினன். திரும்பவும் தட்டினா. திரும்பவும் நீட்டினன்.

பத்து நிமிசமாவது. ஆறாவது நிமிசம் வெடிச்சுது. "உமக்கென்ன விசரே? எனக்குச் சீனி வருத்தமெண்டு தெரியாதே?"

"தெரியும் அக்கா. வசந்திக்கு ஒன்பது வருசமா இதுதான் நடக்குது."

புவனேஸ் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. பிறகு கத்தரிக்கோல் எங்கை எண்டு கேட்டா. ஆறு மணி மட்டும் இருந்து "நோகுது", "சீனி", "பிடிக்கேல்லை" எண்டு மூண்டு புதுக் கட்டம் வெட்டித் தந்தா. கீறுறதில என்னை விட வலு கெட்டிக்காரி.

மாசி 25, ஞாயிறு

எழுதவே வெக்கமாக் கிடக்கு. எண்டாலும் எழுதவேணும்.

பத்து மணிக்குப் போனன். தவமணி சட்டை மாத்த இடக்கைக் கட்டை அவிட்டிருந்தா. பலகை மடியில. வெளியில சைக்கிள் சத்தம். நான் சும்மா, பதில் எதிர்பாராமல், "ஆர் வந்தது?" எண்டன். இடக்கை எழும்பி ஆடி ஆடிப் போய் "அப்பா"வில விழுந்தது. தவமணி, "சும்மா இரு" எண்டு அந்தக் கையைத் தட்டிவிட்டா.

"தட்டாதையும், தட்டாதையும்." நான் கத்தினதில கோழி பறந்துது.

ஒருக்கா விழுந்தது தற்செயலாயும் இருக்கலாம். அப்பா இப்ப எங்கை எண்டு கேட்டன். எண்ணத் தொடங்கினன். பதின்மூண்டில அதே கை "கிணறு". வெளியில கிணத்துத் துலா கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவேயில்லை, பிள்ளை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பதினொரு நாள். அந்தக் கையைப் பதினொரு நாள் கட்டி வைச்சிருந்தது நான் சொல்லித்தான். அது குழப்படி இல்லை, அவளின்ர கதை. வீட்டை வந்து பயிற்சிக் கொப்பியைப் பிரிச்சன். ரெண்டாம் பக்கத்தில என்ர கையெழுத்து: எந்தக் கை, எந்தக் கண் நல்லா வேலை செய்யுது எண்டு முதல் பார். கீழ கோடு வேற அடிச்சிருக்கிறன்.

ஏன் பாக்கேல்லை? பதினொரு வருசமா ஆண்டு ரெண்டில இடக்கையால எழுதின பிள்ளையள் எல்லாருக்கும் அடிமட்டத்தால மணிக்கட்டில தட்டினவள் நான். எனக்கு அது யோசிக்கிற விசயமே இல்லை. அந்த முகங்கள் ஒவ்வொண்டா வருது.

மாசி 28, புதன்

மூண்டு நாளில வசந்தி சொன்னது: தண்ணி (கனதரம்). பிட்டு வேண்டாம். கோழி (முற்றத்தில நிண்டது). நோகுது. அம்மா. அப்பா. ஓம். கக்கூஸ், நேரத்துக்கு, முதல்தரம். தவமணி அதுக்கு அழுதா, நான் சிரிச்சன், பிறகு ரெண்டு பேரும் ரெண்டும்.

"நான்" மட்டும் இன்னும் தொடேல்லை. எட்டுற தூரம்தான். கை அதைக் கண்டா விலகிப் போகுது.

இராசையா அண்ணைக்கு மனமில்லை. "இடக்கையால தேப்பனைத் தொட்டுக் காட்டுறதோ ரீச்சர்? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவினம்?" எனக்கு மறுமொழி நாக்கு நுனியில வந்துது. அதுக்குள்ள தவமணி குசினிக்குள்ள இருந்து சொன்னா: "அந்தக் கையால அவள் முதல் கூப்பிட்டது உங்களைத்தான்."

மனிசன் தோட்டத்துக்குப் போட்டார். பின்னேரம் போய்ப் பாத்தா, பழைய பெட்டிப் பலகையில ஒரு தாங்கி. படப்பலகை சரிஞ்சு, இடப்பக்கம் பாத்து நிக்கத் தக்கதா. சிராய் குத்தாமல் அரத்தாளும் போட்டிருக்கிறார்.

வெள்ளி அதிபர் பாக்கிறன் எண்டிட்டார். நித்திரை வராது.

பங்குனி 2, வெள்ளி

அதிபரின்ர அறை. வசந்தியைத் தேப்பன் தூக்கிக்கொண்டு வந்தவர். புதுச்சட்டை, நீலம். நான், புவனேஸ் அக்கா, தவமணி.

"என்ன பேர்?"

"வசந்தி, சேர்." தாய்.

"காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பாணும் சம்பலும், சேர்." தாய்தான். மூண்டு கிழமையா எண்ணப் பழக்கினது எல்லாம் அதிபரின்ர மேசையைக் கண்டதோட போட்டுது.

"பள்ளிக்கூடம் வர ஆசையோ?"

தவமணி வாயைத் திறக்க, இடக்கை எழும்பிச்சுது. "அம்மா." கொஞ்சம் நிண்டு, ஆடி, "போதும்."

புவனேஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியில ஓடிட்டா. அதிபர் என்னைப் பாத்தார். தவமணி சீலைத் தலைப்பைப் பல்லால கடிச்சுக்கொண்டு ஒரு அடி பின்னால போனா. "திரும்பக் கேளுங்கோ சேர். நான் கதைக்கமாட்டன்."

திரும்பக் கேட்டார். நாங்கள் எண்ணினம். இராசையா அண்ணையின்ர சொண்டும் அசைஞ்சுது. பதினேழில "ஓம்."

அதிபர் பேனை மூடியைப் பூட்டிப் பூட்டிக் கழட்டினார். "திங்கள் வரட்டும். உங்கட வகுப்பில ஒரு மாதம் பாப்பம். வரவுப் புத்தகத்தில இப்போதைக்குப் பென்சிலால எழுதுங்கோ ரீச்சர், அழிக்க வசதி."

பென்சில் எண்டாலும் பேர் பேர்தான். வழியெல்லாம் சைக்கிள் மணி அடிச்சுக்கொண்டு வந்தன். ஒழுங்கையில விலத்த ஒரு ஆளில்லை.

பங்குனி 5, திங்கள்

காத்து. கரும்பலகைத் தூள் முழுக்க என்ர கண்ணில. வசந்திக்கு முன் வாங்கு, இடக்கைப் பக்கம் யன்னல். தவமணியை வேப்பமரத்துக்குக் கீழ விட்டாச்சு, உள்ள வரக்கூடாது எண்டு அவவே சொன்னா.

வரவு கூப்பிட்டன். பிள்ளையள் ஒவ்வொண்டா "ஓம் ரீச்சர்." முப்பத்திரண்டாவது, கடைசி, பென்சில் எழுத்து. "இராசையா வசந்தி."

வகுப்பு திரும்பிப் பாத்துது. ஒரு பெடியன், "அவள் கதைக்கமாட்டாள் ரீச்சர்" எண்டான். பொறும் எண்டு கையைக் காட்டினன். இடக்கை எழும்பிச்சுது. "ஓம்" கீழ் வரிசையில, அதுக்குத்தான் போகுதெண்டு நினைச்சன். அதைத் தாண்டி, "தண்ணி"யைத் தாண்டி மேல போச்சுது. பிள்ளையள் தாங்களாவே எண்ணத் தொடங்கிட்டுதுகள், சத்தமா, எல்லாரும் சேர்ந்து. பத்தொன்பதில முதல் கட்டத்தில விரல் விழுந்தது. தன்ர படத்தில. அழுத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தாள், எடுக்கேல்லை.

நான்.

மேசை லாச்சியில இருந்து பேனையை எடுத்துப் பென்சிலுக்கு மேலால எழுதிப்போட்டன். அதிபர் பேசினாப் பேசட்டும்.