குல்சும் வீட்டைத் தாண்டிப் போன நிரல்

4 மார்ச் 2006

மகள் அஃப்ஸானாவுக்கு மே மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை அப்ரார், என் மனைவி ஹுமைராவின் தம்பி மகன். அழைப்புப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போடப்போவதாக இன்று அறிவித்தேன். கும்மிடிப்பூண்டியே ஒரு நிமிடம் மூச்சை நிறுத்தியது.

ஹுமைரா மட்டும் நிறுத்தவில்லை. "நோட்டுல எழுதினா ஆவாதா?"

ஆகாது. எங்கள் உருக்காலை ஸ்டோர்ஸில் எந்திரத்துக்குள் பெட்டி, பெட்டிக்குள் பல்சக்கரம், அதற்குள் திருகு என்று பதினாறாயிரம் சாமான்களின் அளவை இஞ்ச்சிலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றியவன் இந்த உமர் பாரூக். பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல். ஒன்றைத் திற, உள்ளே இன்னொன்று இருந்தால் அதே வேலையை அதற்கும் செய், அதற்குள்ளும் இருந்தால் அதற்கும். சொந்தபந்தம் என்ன, எந்திரத்தைவிடச் சிக்கலா?

9 மார்ச்

என் பக்கத்தை நான் தட்டினேன், அவள் பக்கத்தை ஹுமைரா சொல்ல அஃப்ஸானா தட்டினாள். ஹுமைரா வீடுகளைப் பெண்கள் பேரில்தான் சொல்கிறாள். கேட்டால், "சமைக்கிறவ பேர்லதானே ஊடு?"

ஒவ்வொரு பேருக்கும் முன்னால் 'ஜனாப்' சேர்க்கச் சொன்னேன். சொன்னதைச் செய்தது. பின்கோடுக்கு முன்னாலும் ஜனாப், டெலிபோன் நம்பருக்கு முன்னாலும் ஜனாப். எழுத்தோ எண்ணோ, எதைக் கண்டாலும் மரியாதை செய்துவிடுகிறது. இவ்வளவு அடக்கமான பிறவி எங்கள் வம்சத்தில் இதுவரை தோன்றியதில்லை.

பேர் இருக்கும் இடத்தில் மட்டும் சேர்க்கும்படி திருத்தினேன்.

12 மார்ச்

பட்டியல் ஓடுகிறது, ஓடுகிறது, முடியவே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் நெல் மில் மாதிரி உறுமி, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, இதற்குமேல் தாங்காது என்று திரையில் பெட்டி போட்டுப் படுத்துவிட்டது.

கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஜோதிலட்சுமி வந்து திரையில் விரல் வைத்துக்கொண்டே போனாள். "உங்ககிட்டேர்ந்து உங்க ஊட்டம்மா. அவங்ககிட்டேர்ந்து அவங்க அண்ணன் மொஹசின். அவரு சம்சாரம் யாரோ குல்சும். குல்சுமோட அண்ணன்... நீங்க! இன்னா சார், சுத்திச் சுத்தி உங்க ஊட்டுக்கே வந்துகினு இருக்குது. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தீங்களா?"

ஆமாம். என் தங்கை குல்சுமை மொஹசினுக்குக் கொடுத்து, மொஹசின் தங்கையை நான் எடுத்தேன். ஆனால் குல்சும் பேரை நான் தட்டவில்லையே! வாப்பாவின் பிள்ளைகள் என்ற இடத்தில் என் பேரை மட்டும்தான் போட்டேன். ஹுமைரா அந்தப் பக்கத்து வாசலைத் திறந்து விட்டிருக்கிறாள்.

போய் வந்த வீட்டில் ஓர் அடையாளம் போட வேண்டும், அடையாளம் இருந்தால் மறுபடி நுழையக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாள் ஜோதிலட்சுமி. முடிந்தது. 412 பேர். அதில் குல்சுமும்.

13 மார்ச்

நான்கு வருடம் முன்பு பழவேற்காட்டில் குல்சும் புது வீட்டுக்குக் குடிபோன விருந்து. இருநூறு பேருக்கு நடுவில் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "இந்தப் பிரியாணியில் இறாலைத் தேட, கலங்கரை விளக்கத்தைப் பெயர்த்துக்கொண்டு வரணும்." ஊரே சிரித்தது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இந்தச் சம்பந்தத்தைக்கூட ஹுமைராவும் மொஹசினும்தான் பேசி முடித்தார்கள்.

நான் சொன்னது உயர்வு நவிற்சி அணி. அணிக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா?

நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: வீட்டின் பேர் குல்சும் என்றால் உள்ளே போகாதே, தாண்டிப் போ.

ஒரே வரியில் ஒரு ராஜ்ஜியத்தை அழித்தவன் நான்.

18 மார்ச்

238 பேர். எங்கே குறைகிறது?

19 மார்ச்

ஹுமைரா தாள்களைப் புரட்டினாள். இரண்டு முறை புரட்டினாள்.

"இன்னாங்க, மாப்பிள்ளை எங்க?"

"எந்த மாப்பிள்ளை?"

"நம்ம பொண்ணைக் கட்டிக்கப்போற மாப்பிள்ளை."

அப்ரார் இல்லை. அவன் வாப்பா இல்லை. மொஹசின்தான் அவர்களில் மூத்தவர் என்று தம்பிமார் குடும்பம் அத்தனையையும் அவர் வீட்டுக்குக் கீழேதான் ஹுமைரா சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டின் பேர் குல்சும். வாசலிலேயே திரும்பிய நிரல் உள்ளே இருந்த நூற்று எழுபத்து நான்கு பேரையும் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை இல்லாத நிக்காஹுக்கு உலகத்திலேயே முதன்முதலாகப் பத்திரிகை அடிக்கவிருந்த பெருமை எனக்கு.

நான் சிரித்தேன். ஹுமைரா சிரிக்கவில்லை. "நீங்க நேர்ல வந்து கூப்புடலன்னா குல்சும் வரமாட்டாங்களாம். அண்ணன் நேத்து போன்ல சொன்னாரு."

வராவிட்டால் போகட்டும் என்றேன்.

அஃப்ஸானா கதவருகில் நின்றிருந்தாள். "வாப்பா, அந்தக் குடும்பத்துல மூத்த மருமக அவங்க. நாளைக்கி நான் அவங்க மூஞ்சிலதானே முழிக்கணும்?"

20 மார்ச்

தூக்கமில்லை. இன்னாத்த எழுதறது — ஒரு வார்த்தை, நாக்குல நிக்காத ஒரு வார்த்தை — அதுக்கு என் பொண்ணா அங்க போய் பதில் சொல்லணும்? புத்தி எங்க மேயப் போச்சு எனக்கு?

அந்த வரியை எடுத்துவிட்டேன். வாப்பாவின் பிள்ளைகள் என்ற இடத்தில் குல்சும் பேரையும் தட்டினேன். 412.

26 மார்ச்

பழவேற்காடு. பேருந்தில் ஓர் அருமையான உரை தயாரித்தேன். நாடாளுமன்றத்தில் பேசியிருந்தால் எதிர்க்கட்சியே அழுதிருக்கும்.

மொஹசின் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து குரல்: "யாரு?"

"உங்க அண்ணன்" என்றார் மொஹசின்.

"எந்த அண்ணன்? வந்த ஊட்டுல வாய மூடிக்கினு சாப்புடற அண்ணன் எனக்கு ஒருத்தரும் இல்லையே."

உரையெல்லாம் எங்கோ போய்விட்டது. "தப்புதாம்மா. நிக்காஹுக்கு வா" என்று மட்டும் வந்தது. அவள் வெளியே வர எவ்வளவு நேரம் ஆயிற்று? நூறு வருடம். மொஹசின் கணக்கில் பத்து நிமிடம்.

வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். வாங்கிப் படித்தாள்.

"ஊத்துக்கோட்டை பெரிய மாமி ஊடு எங்க?"

"கம்ப்யூட்டர்ல போட்டதும்மா..."

"அதுல பேரைப் போடலன்னா எப்படி வரும்? பேனா குடு."

பத்தொன்பது பேர் எழுதினாள். 431.

2 ஏப்ரல்

குல்சும், ஹுமைரா, நான் மூவரும் ஊத்துக்கோட்டையில் மூன்று வீடுகளுக்கு அழைக்கப் போனோம். குல்சும் போட்ட நிபந்தனை: பத்திரிகைத் தட்டு என் கையில், பேச்சு அவளுடையது. காலையிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசி வீட்டில் புதிதாக வந்த மருமகப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அண்ணன் பேசமாட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கி மட்டும்" என்றாள் குல்சும்.