மரவாள் கட்டிய சம்பந்திகள்

வென்ட்வேர்த்வில், சிட்னி
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி தனேஸ்வரி எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை யோகா அண்ணியிடம் களவாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்காக அவரை ஏசவேண்டாம்.

இந்தக் காலத்தில் இவள் என்ன கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நீங்கள்தானே என்னை வட்ஸ்அப்பில் ப்ளொக் பண்ணி வைத்திருக்கிறீர்கள்? போன் எடுத்தாலும் என் குரலைக் கேட்டவுடன் வைத்துவிடுகிறீர்கள். தபால்காரனை ப்ளொக் பண்ண ஏலாதே! ஆகவே கதிரையில் வசதியாக இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். இடையில் கிழித்துப் போட்டால் அண்ணியிடம் இன்னொரு பிரதி இருக்கிறது.

விஷாலினி தொமெக்கைக் கட்டப்போகிறாள் என்று நான் சொன்ன அன்றைக்கு நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. "அப்பன் ஆர், பாட்டன் ஆர் எண்டு தெரியாத வெள்ளைக்காரனுக்கோ எங்கட பிள்ளையைக் குடுக்கிறது? நாங்கள் உடையார் பரம்பரை. மூண்டு தலைமுறை விசாரிச்சுப்போட்டு என்னோட கதை" என்றீர்கள். பெடியன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், குடி வெறி இல்லை, விஷாலினியை விட நன்றாகச் சோறு சமைப்பான் என்று நான் சொன்னதொன்றும் உங்கள் காதில் ஏறவில்லை. சரி, விசாரித்துவிட்டேன். மூன்று தலைமுறை கேட்டீர்கள், பதினொன்று கொண்டுவந்திருக்கிறேன்.

தொமெக்கின் குடும்பம் போலந்துக்காரர், இருப்பது மராயோங்கில். குவேக்கர்ஸ் ஹில்லுக்கு முதல் ஸ்டேஷன். போலந்துக்காரருக்கு அங்கே கோயில் உண்டு, கடை உண்டு, வயது போனவர்கள் இருக்க இல்லமும் உண்டு. நான் ஒரு பெட்டி அரியதரப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு, சும்மா பார்க்க வந்தது மாதிரி வந்து, பேச்சோடு பேச்சாகக் குடும்பத்தை விசாரிப்பம் என்றுதான் போனேன். போனால், அண்ணா, எனக்கு முன்னால் அங்கே ஒருவர் ஆயத்தமாக இருந்தார்.

தொமெக்கின் தாத்தாவின் தங்கச்சி. பெயர் ஹாலினா. தொண்ணூறு தாண்டிவிட்டது, ஆனால் கண்ணும் காதும் வாயும் புதுசு மாதிரி. நான் சப்பாத்தைக் கழற்ற முதலே விசாரணை தொடங்கிவிட்டது. எந்த ஊர், தகப்பன் என்ன வேலை, காணி இருந்ததா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், குடும்பத்தில் ஆருக்கும் விசர், பைத்தியம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணை மூடியிருந்தால் உங்கள் குரல்தான். ஓம் ஓம் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். விசர் விஷயத்தில் மட்டும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

பிறகு சுவரில் இருந்த வம்ச மரத்தைக் காட்டினார். கையால் வரைந்தது. அடியில் ஒரு கேடயம், அதில் ஒரு குதிரை லாடமும் இரண்டு மீனும். தொமெக்கின் கொஷெலின்ஸ்கி குடும்பம் பிரபு வம்சமாம், அண்ணா! ஒருவர் துருக்கியரோடு சண்டைக்குப் போனவர். இன்னொருவர் அரசரைத் தெரிவு செய்யக் குதிரையில் போய் வாக்குப் போட்டவர். அந்த நாட்டில் பிரபுக்கள் கூடித்தான் அரசரையே தெரிவு செய்வார்களாம். அதைவிடப் புதினம் என்னவென்றால், ஒரே இலச்சினை உள்ள குடும்பங்கள் எல்லாம் இரத்தச் சொந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றுக்கொன்று சொந்தம். எங்கேயாவது சந்தித்தால் "ஓ, அவை எங்கட ஆக்கள்" என்று கட்டிப் பிடிப்பார்கள். எங்களுக்கு இதெல்லாம் விளங்கப்படுத்த வேண்டுமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் வைகாசியில், முருகன் கோயில் மண்டபத்தில். விஷாலினியின் அப்பா எங்களை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. தாரை வார்த்துக் கன்னிகாதானம் செய்துகொடுக்கிறது ஆர் என்று ஐயர் கேட்டார். தாய்மாமனும் மாமியும் இருந்தால் அதுதான் முறை என்றும் சொன்னார். நான் பூமாலைக் கதையை எடுத்துக் கதைத்து அவர் கேள்வியை மறக்கப் பண்ணிவிட்டு வந்தேன். எவ்வளவு நாளைக்குப் பூமாலைக் கதை கதைக்க ஏலும்?

நீங்கள் கேட்டபடி விசாரித்தாயிற்று. இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. மெல்பேர்ணில் இருந்து பிளேனில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல்தான், விசாவும் தேவையில்லை. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் கோபம் குறைய முருகனைக் கும்பிடும்,
தங்கச்சி
தனேஸ்வரி


வென்ட்வேர்த்வில், சிட்னி
சித்திரை, வருஷப் பிறப்புக்கு அடுத்த சனி

அன்புள்ள அண்ணாவுக்கு,

புதுவருஷம் உங்களுக்கும் அண்ணிக்கும் நல்லதைக் கொண்டுவரட்டும். கைவிசேஷக் காசு தர நீங்கள் பக்கத்தில் இல்லை என்று விஷாலினி குறைப்பட்டாள். வரும்போது வட்டியோடு வாங்குவாளாம்.

என்னை ப்ளொக்கில் இருந்து எடுத்துவிட்டீர்கள். நன்றி. இப்போது வட்ஸ்அப் இருக்க நான் ஏன் திரும்பக் கடிதம் எழுதுகிறேன் என்றால், வட்ஸ்அப்பில் நான் பாதி சொல்ல முதலே நீங்கள் பதில் போட்டுவிடுவீர்கள். இந்த விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

உங்கள் செய்தியைப் பார்த்து நான் குசினிக்குள் நின்று துள்ளினது உண்மை. "வாறன். கார்டில அவையின்ர லாடத்தையும் மீனையும் போடு. கோட்டை இருந்தால் படம் அனுப்பு" என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த நாள் அண்ணி போன் எடுத்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார். உங்கள் டண்டினோங் கடைத்தெருவில் நீங்கள் சொல்லாத ஆள் ஒருவரும் மிச்சமில்லையாம். மருமகள் போலந்து அரச குடும்பத்தில் வாழ்க்கைப்படுகிறாள் என்று விக்னராஜா மாஸ்டருக்குச் சொல்லி, அவர் கோயிலில் சொல்லி, இப்போது மாப்பிள்ளை இளவரசன் ஆகிவிட்டானாம். சம்பந்தியைக் கண்டால் குனிந்து வணங்க வேணுமோ, கை குடுக்கலாமோ என்று அண்ணியிடம் கேட்டீர்களாமே! சரிகை வேட்டி, புதுச் சால்வை வேறு.

நானும் பேசாமல் இருந்திருப்பேன். நீங்கள் வருகிறீர்கள் என்ற சந்தோஷத்தில், அரச குடும்பம் என்ன, சந்திர மண்டலம் என்றாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் கேட்ட லாடத்தையும் மீனையும் கார்டுக்காகப் படம் எடுக்க மராயோங்குக்குப் போனேன். கோட்டை எங்கே இருந்தது என்றும் கேட்டேன். ஹாலினா அன்ரி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது.

கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை, அண்ணா. அந்த ஊரில் பாதிப்பேர் பிரபுக்கள்தானாம். ஆளுக்கு ஒரு துண்டுக் காணி, ஒரு பசு, ஓலைக் கூரை மாதிரி வைக்கோல் கூரை. தங்கள் வயலைத் தாங்களே உழுவார்கள். ஆனால் பிரபு என்றால் இடுப்பில் வாள் இருக்க வேண்டுமே. இரும்பு வாளுக்குக் காசு எங்கே? அதனால் மரத்தில் வாள் செய்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஏர் பிடிப்பார்களாம்! கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியானவனுக்கும் அதே ஒரு பசுதான், அதே வைக்கோல் கூரைதான். அவனிடம் மரவாள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அவன் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கள் உடையார் பூட்டனின் வெள்ளிப்பூண் பிரம்பு ஞாபகம் வந்தது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. அது வெள்ளி இல்லை, ஈயம். அம்மா எனக்கு மட்டும் சொன்னவர். அதை நான் ஹாலினா அன்ரிக்குச் சொல்ல, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியென்றால் நீங்களும் எங்கட ஆக்கள்தான் என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ரஷ்யர் வந்து அந்த ஊரையே ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்களாம். தாய் தகப்பன் அங்கேயே செத்துப்போய்விட்டார்கள். ஹாலினா அன்ரிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுகூட இல்லை. அண்ணன் ஸ்தானிஸ்லாவ்தான் அவரை முதுகில் சுமந்து, ஈரான் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தவர். பிறகு இந்தியாவில், மராட்டியர் பக்கத்தில் போலந்துப் பிள்ளைகளுக்கென்று இருந்த முகாமில் சில வருஷம் வளர்ந்து, கடைசியில் சிட்னிக்கு வந்தவர். நான் கொண்டுபோகும் கடலையில் உறைப்புக் காணாது என்று அன்ரி சொல்வதற்கு அதுதான் காரணம். அந்த ஸ்தானிஸ்லாவ்தான் தொமெக்கின் தாத்தா.

பிரபு வம்சத்து ஸ்தானிஸ்லாவ் இங்கே ரயில் பட்டறையில் கூட்டித் துடைக்கிற வேலை செய்தார். அதே பட்டறையில் ஃபோர்மனாக இருந்தவர் பியோத்தர். அதே ஊர்க்காரர், வேலிக்கு அந்தப் பக்கத்து ஆள், மரவாள் இல்லாத வீட்டுப் பிள்ளை. ஹாலினா அவரைத்தான் விரும்பினார். அண்ணன் கையில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டு, எங்கட குடும்பத்துக்கு இது இழுக்கு என்று சொன்னாராம்.

போலந்துக்காரருக்கு ஒரு முறை இருக்கிறது. கல்யாணம் முடிந்து வரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெற்றவர்கள் மண்டப வாசலில் ரொட்டியும் உப்பும் கையில் வைத்துக்கொண்டு வரவேற்க வேண்டும். அதைக் கடித்த பிறகுதான் உள்ளே போகலாம். பெற்றவர்கள் இல்லாதபடியால் அண்ணன்தான் பிடிக்க வேண்டும். அவர் வரவில்லை. வாசலில் காத்து நின்று நின்று, கடைசியில் சமையல்காரப் பெண்மணி ஏப்ரனோடு ஓடிவந்து தட்டைப் பிடித்தாராம்.

அதற்குப் பிறகு அண்ணன் இருந்தது பிளாக்டவுனில், தங்கச்சி மராயோங்கில். ஒரு ஸ்டேஷன்தான் இடையில். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைக்கவே இல்லை. சாகப்போகும் நேரத்தில் ஸ்தானிஸ்லாவ் ஆள் அனுப்பினாராம், ஹாலினா அங்கே போவதற்குள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அழுவார் என்று நினைத்தேன். அன்ரி அழவில்லை. அவன் வந்திருந்தால் ரொட்டி சரியாக வேகவில்லை, உப்புக் காணாது என்று வாசலிலேயே சண்டை பிடித்திருப்பான், அந்தச் சண்டைதான் எனக்குக் கிடைக்காமல் போனது என்று சொல்லி, என் அரியதரத்தில் இன்னொன்றை எடுத்தார்.

இதையெல்லாம் கல்யாணம் முடிய மாமாவுக்குச் சொல்லலாம், இப்போது வாயைத் திறக்காதீங்கோ, "லீவ் இட் அம்மா" என்று விஷாலினி மன்றாடுகிறாள். அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான், அண்ணா. இதை வாசித்துவிட்டு டண்டினோங்கில் எல்லார் முகத்திலும் எப்படி முழிப்பது என்று நீங்கள் வேட்டியை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் லாடத்துக்கும் மீனுக்கும் வந்து தாரை வார்க்க வேண்டாம். அப்படி வந்தால் பிறகு ஒருநாள் உண்மை தெரிந்து, திரும்பவும் என்னை ப்ளொக் பண்ணுவீர்கள். இன்னொரு தரம் அதைத் தாங்க எனக்கு ஏலாது.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. இவர் கொழும்பில் அகப்பட்டிருந்தார், எனக்கு வயிற்றில் எட்டு மாதம். என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சனத்துக்குள்ளால் விடிய விடியத் தள்ளிக்கொண்டு போனீர்கள். பாரமாக இருக்கா என்று நான் கேட்டதற்கு, "உன்ர வாய்தான் பாரம், பேசாமல் இரு" என்றீர்கள். அன்றைக்கு அந்தச் சைக்கிளில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், அண்ணா. மற்ற ஆளுக்குத்தான் இப்போது கல்யாணம்.

கார்டில் லாடமும் மீனும் போடவில்லை. பிள்ளையார் படம்தான். ஐயருக்கு உங்கள் பெயரையும் அண்ணியின் பெயரையும் கொடுத்துவிட்டேன். பின்னேர விருந்துக்கு வாசலில் ரொட்டி பிடிக்கத் தொமெக்கின் தாயும் தகப்பனும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கும் ஒரு தட்டு வேண்டும் என்று ஹாலினா அன்ரி அடம்பிடிக்கிறார். அதை ஆர் பிடிப்பது என்று கேட்டார். என் அண்ணா பிடிப்பார் என்று சொன்னேன். உடனே அன்ரி வாசலில் தனக்கும் ஒரு கதிரை போடச் சொன்னார், நீங்கள் வருவதைத் தான் பார்க்க வேண்டுமாம்.

ரொட்டி சரியாக வேகவில்லை, உப்புக் காணாது என்று எவ்வளவு சண்டை பிடித்தாலும் பரவாயில்லை. வந்து பிடியுங்கள்.

நீங்களும் அண்ணியும் நூறு வயது இருந்து பேரப்பிள்ளைகளையும் ஏசவேண்டும் என்று கும்பிடும்,
உங்கள் பாரமான வாய்
தனேஸ்