குளக்கரையில் கத்திய புது இனம்

மகாகனம் பொருந்திய பேராசிரியை அம்மாளுக்கு,

மூவுலகிலும் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

உன் தவளை ஆராய்ச்சி முகாமுக்கு ஊருக்கொருவராய் ஐந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்த நாள்முதல், என் வயிற்றெரிச்சலில் நம் வீட்டு அடுப்பு தானாகப் பற்றிக்கொள்கிறது. அவர்கள் தவளைச் சத்தத்தைத் தேரைச் சத்தம் என்றாலும், "பரவாயில்லடா கண்ணா, இன்னொரு தடவை கேளு" என்கிறாய். நான் போன் செய்தால் "அப்புறம் பேசுறேன்". நீ என்னைக் கண்ணா என்று கூப்பிட்டு ஒரு பனியுகமே முடிந்துவிட்டது!

ஆகவே சனிக்கிழமை சிங்கம்போல் புறப்பட்டு வந்து, குளக்கரை மரத்தில் நீங்கள் கட்டியிருந்த ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் தவளைபோல் கத்தினேன். நாற்பது யானைகள் மயங்கி விழுந்தன.

நேற்று அதிசயமாக நீயே போன் செய்தாய். பிள்ளைகள் புது இனம் என்று குதிக்கிறார்களாம். ஐவரில் பார்வையில்லாத ஒரு பெண் மட்டும், "மேடம், இந்தத் தவளைக்கு மூச்சு வாங்குது, நடுவுல இருமுது" என்றாளாம். மற்றவர்கள் கேலி செய்ததில், ஊருக்கே போகிறேன் என்று அழுகிறாளாம்.

அவளைப் போகவிடாதே. அவள் காது பொன். யானையெல்லாம் என் சரக்கு. தவளையாய்க் கத்தியது மட்டும் நிஜம். உன்னைக் கூப்பிடத்தான் வந்தேன். நீ அவர்களோடு சிரித்துக்கொண்டிருந்தாய். வாயில் அந்தச் சத்தம்தான் வந்தது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்