எழுபது நிமிட முகமூடி

நாள் 1, 08:10

பதிவு செய்பவர்: ஹெலன் குணசீலி, குழந்தைகளின் புலனுணர்வு மதிப்பீட்டாளர். இடம்: செவ்வாய், பனிச்சுரங்கம் நான்கு. இங்கே இருப்பவர்கள் இதைக் கிணறு என்கிறார்கள். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். ஒரே ஒரு குழந்தையைப் பார்க்கப் பெருந்தளத்திலிருந்து வந்திருக்கிறேன். மூன்று நாள் வேலை.

குழந்தை: இளவெயினி. வயது நான்கரை. ஆட்டிசம் என்பது இரண்டு வயதிலேயே உறுதியானது. ஏழெட்டுச் சொற்கள் பேசுவாள். தாய்: சண்முகவடிவு, துளைப்பொறி மெக்கானிக், கோவில்பட்டிக்காரர்.

ஒலி, ஒளி, தொடுகை, மணம், சுவை, உடலசைவு. இவற்றில் எது அவளுக்குத் தாங்க முடியாத அளவு, எது போதாத அளவு என்று கண்டு எழுத வேண்டும். பழைய அறிக்கை "சத்தம் ஆகாது" என்கிறது. ஒரே வரி.

நாள் 1, 11:30

நிலைய விதிப்படி முகமூடிச் சோதனை. மூன்று முயற்சி. மூன்றிலும் கத்தினாள். மூன்றாவதில் என் மணிக்கட்டைக் கடித்தாள். "முகமூடி: தாங்க இயலாது" என்று எழுதி நிலைய மேலாளர் தாமோதரனுக்கு அனுப்பினேன். மொத்தம் பதினோரு நிமிடம். கைக்கு மருந்து போட்டுக்கொண்டேன்.

நாள் 3, 09:05

புழுதிப் புயல். காற்று உற்பத்திக் கூடத்தின் கூரை பிய்ந்துவிட்டது. பாதை புழுதியில் புதைந்துவிட்டது, பெருந்தளத்திலிருந்து என் வண்டியோ வேறெதுவுமோ வராது. ஒலிபெருக்கியில் தாமோதரன்:

"எல்லாரும் கேளுங்க. பிளான்ட் போச்சு, இனிமே சரி பண்ண முடியாது. இருக்கிற காத்து நம்ம எல்லாருக்கும் பதினாலு நாளைக்கு வரும். கப்பல் பன்னெண்டாம் நாள் தலைக்கு மேல வருது. ஏறுகலத்துல கெளம்புறோம். லிஸ்ட் அப்புறம் சொல்றேன்."

ஏறுகலத்தின் உள்ளே அழுத்தம் இருக்கும், மூச்சுக்காற்று இருக்காது. கப்பலைத் தொடும்வரை எழுபது நிமிடம் ஒவ்வொருவரும் முகமூடி வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். பதினோரு காற்றிணைப்புகள். பதினோரு பேர். கணக்கு சரியாக வந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாள் 4, 10:20

பட்டியல் ஒட்டப்பட்டது. இளவெயினி பெயர் இல்லை. அவளுடைய காற்றிணைப்பு ஆய்வுக்கான பனி மாதிரிகள் வைத்த பெட்டிக்குப் போயிருக்கிறது. நானூறு மீட்டர் ஆழத்தில் எடுத்த பனி. அதன் குளிரூட்டிக்கு ஓயாமல் வாயு ஓட வேண்டுமாம். உள்தொடர்பில் தாமோதரனை அழைத்தேன்.

"மேடம், நீங்கதான எழுதிக் குடுத்தீங்க, தாங்க முடியாதுன்னு? நான் புதுசா என்ன சொல்லிட்டேன்? முகமூடி போடாத ஆள ஏத்தினா எழுபது நிமிஷத்துல பொணம். நாலு வருஷ உழைப்பு அந்தப் பெட்டி. அதாவது போய்ச் சேரட்டும்."

வைத்துவிட்டார். பதினோரு நிமிடத்தில் நான் எழுதிய ஒரு வரி ஒரு குழந்தையின் இடத்தை ஒரு பெட்டிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிகிறது.

நாள் 4, 12:00

துளைத்தளத்திலிருந்து சண்முகவடிவு, ரேடியோவில்:

"அக்கா, ஊசி போட்டுத் தூங்க வச்சுத் தூக்கிட்டுப் போயிரலாமா?"

முடியாது என்றேன். மயக்கத்தில் முகமூடிக்குள் வாந்தி எடுத்தால் மூச்சடைத்துவிடும், வழியில் கழற்றவும் முடியாது.

"அப்ப நானும் போகல. அவள விட்டுட்டு நான் எங்கிட்டுப் போவேன்? லிஸ்ட்ல எம்பேரையும் அடிச்சிரச் சொல்லுங்க."

அடிக்கச் சொல்லவில்லை. என் முதல் மதிப்பீட்டை ரத்து செய்துவிட்டு மறுமதிப்பீடு தொடங்குவதாகத் தாமோதரனுக்கு எழுதினேன்.

நாள் 5, 08:30 முதல்

இன்று முகமூடியை வெளியே எடுக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

08:50. கீழே துளைப்பொறி இடிக்கிறது. தரை அதிர்கிறது. எனக்குப் பல் கூசுகிறது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலோக வாஷர்களை வரிசையாக அடுக்குகிறாள். ஆக "சத்தம் ஆகாது" என்பது பொய்.

09:40. தாயின் விரல் முடியை லேசாக உரசியது. சுட்டது போலத் துள்ளினாள். அதே தாய் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கண் சொருகியது. லேசான தொடுகை வலி. அழுத்தமான தொடுகை ஆறுதல்.

10:15. மெத்தைக்கும் அலமாரிக்கும் நடுவே தன்னைத் தானே செருகிக்கொண்டு இருபது நிமிடம் இருந்தாள்.

11:05. பக்கத்து அறையில் குழாயைத் திறந்தார்கள். மெல்லிய சீறல், எனக்குக் காதில் விழவே நேரமாயிற்று. அவள் இடது காதைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

சீறல். முகமூடியின் வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் சீறும். அது இருப்பது இடது காதுக்கு நான்கு விரல்கடை தூரத்தில். நான் அதை மூன்று முறை அவள் தலையில் மாட்டினேன்.

நாள் 6, 09:00

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

வால்வையும் பட்டையையும் கழற்றிய முகமூடியைத் தரையில் வைத்தேன். அரை மணி கழித்து எடுத்தாள். மோந்தாள். முழங்காலில் கவிழ்த்தாள். பிறகு தானாகவே மூக்கில் வைத்தாள். நான்கு நொடி.

அடுத்து, முகமூடி இல்லாமல், அறையின் மறுகோடியிலிருந்து வால்வின் சீறல் மட்டும். தலையைச் சுவரில் மோதினாள். ஒரு நொடியில் நிறுத்திவிட்டேன். அந்த ஒரு நொடியும் என் குற்றம். "வேணாம்" என்றாள். சரி என்றேன். இன்றைக்கு அதோடு முடித்தேன். வேணாம் என்றால் நிற்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

வெளியே யாரோ சுவரைக் குத்தினார்கள். உள்தொடர்பில், பெயர் சொல்லாத ஓர் ஆண் குரல்:

"அந்தப் பிள்ள வாய மூடுங்க. அது கத்துற ஒவ்வொரு கத்தலுக்கும் எங்க காத்துதான் போவுது."

நாள் 7, 13:10

சண்முகவடிவு வேலை முடித்து வந்து உட்கார்ந்து முகமூடியை மாற்றியமைத்தார். வால்வைப் பிடுங்கி ஒன்றரை மீட்டர் குழாயின் கடைசியில் பற்றவைத்து, கம்பளித் துணியைச் சுற்றி, இடுப்புக்குப் பின்னால் தொங்கவிட்டார். முடியை இழுக்கும் மெல்லிய ரப்பர்ப் பட்டைகளை வெட்டி எறிந்தார். பதிலுக்கு நான்கு விரல் அகலத்தில் ஒரு துணிப்பட்டை, தலையை இறுக்கிப் பிடிக்கும்படி. காதை வைத்துக் கேட்டேன். எனக்குச் சீறல் கேட்கவில்லை. என் காது முக்கியமில்லை.

அவள் போட்டுக்கொண்டாள். நாற்பது நொடி. கழற்றினாள். திரும்பவும் போட்டாள்.

சண்முகவடிவு முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாள் 9, 10:45

நேற்று ஆறு நிமிடம். இன்று முப்பத்தொன்று. மடியில் வாஷர்கள் இருந்தால் போதும். எண்களைத் தாமோதரனுக்கு அனுப்பினேன்.

"நல்லது மேடம். ஆனா லிஸ்ட் போட்டாச்சு."

நாள் 11, 11:00

எழுபத்திரண்டு நிமிடம். அழவில்லை. சாட்சிக்கு இரண்டு தொழிலாளர்களை உட்கார வைத்தேன். ஒருவர் சுவரைக் குத்தியவர் என்று நினைக்கிறேன். அவர் தலை நிமிரவில்லை.

அறிக்கையில் எழுதினேன்: "மாற்றியமைத்த முகமூடியை முழு நேரமும் தாங்குகிறாள். பயணத்துக்குத் தகுதி." பொது ஒலிபெருக்கியில் உரக்கப் படித்தேன். தாமோதரனின் பதிலும் எல்லார் காதிலும் விழுந்தது:

"சரி. கொழந்த வரட்டும். பெட்டிய எறக்க மாட்டேன். பத்து எணைப்பு, பதினோரு பேரு. யாருன்னு நாளைக்குப் பாத்துக்கலாம்."

பெட்டியை இறக்குங்கள் என்றேன். சண்முகவடிவு குறுக்கே புகுந்தார்:

"ஏ, பெட்டிய எறக்குய்யா! பனிக்கட்டிக்கு மூச்சு முட்டுமா? நீ எறக்கலன்னா நான் சம்மட்டியால ஒடப்பேன்!"

மற்ற ஏழு பேரும் தங்கள் பைகளைக் கட்டப் போனார்கள்.

நாள் 12, 09:30

தாமோதரன் குரல் இன்று இனிமையாக இருக்கிறது.

"மேடம், பெட்டிய எறக்கியாச்சு. கெளம்புங்க. எல்லாருக்கும் எடமிருக்கு."

நம்பினேன். எழுதிவைக்கிறேன், நம்பினேன்.

நாள் 12, 15:50

நடந்ததை நடந்தபடி.

15:20. எல்லாரும் ஏறுகலத்துக்கான பாதையில் இருந்தோம். இளவெயினியின் துணிப்பட்டை இல்லை. ரப்பர்ப் பட்டையை யாரோ திரும்ப மாட்டியிருந்தார்கள். அவள் கத்தத் தொடங்கினாள். துணிப்பட்டை என் அறையில் இருப்பதாகத் தாமோதரன் சொன்னார். நான் அதை அங்கே வைக்கவில்லை. அப்போது யோசிக்க நேரமில்லை. ஓடினேன்.

15:31. பட்டை என் மேசைமேல், நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

15:38. திரும்பி வந்தேன். பாதையின் இரண்டாம் கதவு, ஏறுகலத்துக்கு முன்னால் இருப்பது, மூடியிருந்தது. பக்கத்திலிருக்கும் பொருள் மாற்றும் சிறு துளை மட்டும் திறந்தது. பட்டையை உள்ளே வைத்தேன். மறுபக்கம் ஒரு கை எடுத்துக்கொண்டது. துளை மூடிக்கொண்டது.

15:39. கதவைத் தட்டினேன்.

15:42. ஏறுகலத்தின் பூட்டு விழும் ஓசை. கதவின் கண்ணாடி வழியே, ஏறுகலத்தின் ஜன்னலில் பெட்டியைப் பார்த்தேன். பதினோராவது இருக்கையில் வார்ப்பட்டை போட்டுக் கட்டியிருக்கிறது.

15:44. ரேடியோவில் சண்முகவடிவு. பின்னால் குழந்தையின் கத்தல் குறைந்துகொண்டே வந்தது.

"அக்கா, பட்டை வந்திருச்சு. போட்டுக்கிட்டா. அமைதியாயிட்டா. நீங்க எங்கிட்டு இருக்கீங்க? எனக்குத் தலையத் திருப்ப முடியல. பின்னாடியா?"

கிளம்ப ஆறு நிமிடம் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அவர் கட்டை அவிழ்த்துவிட்டு இறங்குவார். குழந்தையோடு இறங்குவார். அவரை எனக்குத் தெரியும்.

"பின்னாடிதான் இருக்கேன் வடிவு. பேசாம இருங்க. அவ உச்சந்தலைய அழுத்திப் பிடிச்சுக்கங்க."

15:50. கிளம்பிவிட்டது. தரை அதிர்ந்தது.

நாள் 12, 17:04

எழுபது நிமிடம் கடந்து நான்கு. கப்பலிலிருந்து முதலில் சண்முகவடிவு. சொற்கள் இல்லை, அலறல் மட்டும். ஏதோ உடைகிறது. யாரோ அவரைப் பிடிக்கிறார்கள். இடையில், தெளிவாக, சின்னக் குரல்: "வேணாம்." உயிரோடு இருக்கிறாள்.

இணைப்பை அறுத்துவிட்டார்கள்.

நாள் 31, 12:15

மீதியிருந்த காற்று ஒருவருக்கு ஐம்பது நாளுக்கு மேல் வந்திருக்கும். தெற்குச் சுவரில் கசிவு. இரண்டு முறை அடைத்தேன். அடுத்த கலம் அறுபதாம் நாள். கணக்கை மறுபடி போடுவதை நிறுத்திவிட்டேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: மேசைமேல் இளவெயினியின் முழு மதிப்பீடு இருக்கிறது. அவளோடு போய்ச் சேர வேண்டும். முதல் நாள் எழுதியதும் அதிலேயே இருக்கிறது. கிழிக்கவில்லை. நான் எவ்வளவு அவசரமாகத் தப்பு செய்தேன் என்று அடுத்து வருபவர் பார்க்க வேண்டும்.

நாள் 33, 10:40

விரல் நுனிகள் நீலம். எழுத்து கோணுகிறது. தாமோதரனிடமிருந்து செய்தி. இருபத்தொரு நாளுக்குப் பிறகு முதல் செய்தி.

"மேடம், கேக்குதா? விசாரணை வைக்கப் போறாங்க. அந்தப் பொம்பள என்னென்னவோ ஒளறிட்டிருக்கா. உங்க பதிவுல ஒரு வரி போட்டுருங்க, நீங்களே விரும்பித் தங்கினதா. கொழந்தைக்காகத் தியாகம் பண்ணினதா. உங்க ஊர்ல உங்க பேருக்கே ஒரு பெரும தான மேடம்? நாங்க செல வைக்கிறோம்."

பதில் அனுப்பவில்லை. இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் கதவு. பூட்டியது 15:38க்கு முன். வெளிப்பக்கத்திலிருந்து, ஏறுகலம் நின்ற பக்கம். கதவின் இயக்கப் பதிவேட்டில் பதிந்திருக்கும், தாமோதரன் அதை அழித்திருந்தால் அழித்த நேரமும் பதிந்திருக்கும். பார்க்கவும்.

நான் வீட்டுக்குப் போக விரும்பினேன். பெட்டியை இறக்கச் சொன்னேன். கதவைத் தட்டினேன். வலக்கை எலும்பு முறியும்வரை தட்டினேன், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரியும், என் உடலை எடுத்துப் பாருங்கள்.

சிலை வைக்காதீர்கள். நான் தங்கவில்லை. என்னை உள்ளே வைத்துப் பூட்டினா